கருங்கல்லும் வேப்பிலையும்

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்து "எப்பப் பாரு கேம்ஸ்" என்று கத்துகிற வயதுக்கு வந்துவிட்ட சகாக்களே, உங்களோடு சேர்ந்து நானும்தான் கத்துகிறேன். என் மகன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் மூன்று பேர் அந்தப் பக்கம் மூன்று பேர் என்று அடித்துக்கொள்ளும் ஓர் ஆட்டம் ஆடுகிறான். "ஹீல் பண்ணுடா, டேய், ஹீல் பண்ணுடா" என்று அலறுகிறான். போன வாரம் வழக்கம்போல் திட்டுவதற்காகக் கதவைத் திறந்தேன். வாய் திறந்தது, திட்டு வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றேன். வயசாகிறது என்றாள் மனைவி. அது மட்டும் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படியொரு மூவர் சண்டையில் இருந்தவன். அதுவும் முன்வரிசையில்.

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பதிமூன்று வயது. எடை முப்பத்திரண்டு கிலோ, அதில் ஒரு கிலோ மூக்குக்கண்ணாடி. பள்ளியில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது, "இவனை நீங்களே வச்சுக்கோங்கடா" என்று இரண்டு அணியும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கிற ஆள் நான்.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பெரியப்பா பிள்ளை எங்கள் மயிலாப்பூர் வீட்டில் இரண்டு பொருள்களை விட்டுவிட்டுப் போனான். ஒன்று, பிடி கழன்ற கிரிக்கெட் மட்டை. மற்றொன்று, மாணவர்களுக்கென்று மலிவாகத் தந்த இன்டர்நெட் கணக்கு. அதில் படம் வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வரும். அப்பா பாங்க்கில் லோன் போட்டு வாங்கிய கம்ப்யூட்டர் பின்கட்டு அறையில், அம்மா தைத்த பூப்போட்ட உறைக்குள், கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். மோடம் கிரீச் கிரீச்சென்று கத்தி ஓய்ந்ததும் இணைப்பு கிடைக்கும். அது கிடைத்திருக்கும் வரை வீட்டுத் தொலைபேசிக்கு உயிர் இருக்காது.

கிளம்புவதற்கு முன் அவன் எனக்கும் அத்தைக்கும் ஒரு விளையாட்டைக் காட்டிக்கொடுத்தான். எந்த நாட்டிலோ இருந்த ஒரு பல்கலைக்கழக இயந்திரத்துக்குள் ஓர் ஊர். காடு, கோட்டை, சந்தை எல்லாமே எழுத்துதான். உலகத்து ஆள்களெல்லாம் வேறு வேறு பெயர்களில் அங்கே உலாத்துவார்கள். ஊர் நடுவில் ஒரு வட்டம். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு பக்கத்து மூவரும் விழுந்த பிறகுதான் திறக்கும். எதிரே நிற்பது பேயோ பூதமோ இல்லை, எங்களைப் போல எங்கேயோ உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். அதனால்தான் பயமாக இருக்கும்.

மூவரில் ஒருவன் முன்னால் நின்று அடி வாங்குவான். ஒருவன் பின்னாலிருந்து நெருப்பு வீசுவான். மூன்றாவது ஆள் வைத்தியர், அடிபட்டவர்களின் காயத்தை ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் நிற்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பெயர் வைக்கச் சொன்னது. 'கருங்கல்' என்று வைத்தேன். பெயரில் என்ன கஞ்சத்தனம்?

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. இருபத்தேழு வயது. அதுவரை ஏழு பேர் வந்து சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "ஆத்துக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று போயிருந்தார்கள். எட்டாவது ஜாதகம் பெரியப்பாவின் பையில் தயாராக இருந்தது. நாக்பூர்க்காரர், முதல் மனைவியை இழந்தவர், அத்தையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அத்தைக்குக் கல்யாணத்தில் அதிர்ஷ்டம் இல்லையே தவிர, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். மாட வீதி மாடியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தொடங்கி, கடைசியில் அங்கேயே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசியபடியே பக்கம் பக்கமாக அடிப்பாள், பிழை இருக்காது.

அந்த வட்டத்தில் வாள் வீச்சு என்பது தட்டச்சுதான். எதைச் செய்வதென்றாலும் அடித்தாக வேண்டும். ஓர் எழுத்து தவறினால் ஒன்றும் நடக்காது, ஆள் செத்துப்போவான். எதிராளிகள் இரண்டே விரலால் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருக்கும்போது, எங்கள் வைத்தியர் பத்து விரலாலும் மழை பொழிவாள். 'வேப்பிலை' என்று பெயர் வைத்துக்கொண்டாள். அவள் வந்த மூன்றே வாரத்தில் அந்த ஊரில் வேப்பிலை என்றால் வழிவிட்டார்கள். மயிலாப்பூரில் அவள் போனால் கறிகாய்க்காரர்கூட வழிவிட மாட்டார்.

நெருப்பு வீச எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு நார்வேக்காரர். வயதோ முகமோ தெரியாது. வாராவாரம் வந்ததும் "இங்கே பனி" என்பார். அவ்வளவுதான் அவருடைய சொந்த வாழ்க்கை. வட்டத்துக்குள் பேசுவது எதிரிகள் கண்ணிலும் படும் என்பதால், அத்தை ஒரு வழி செய்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். 'கிட்ட வா', 'தள்ளிப் போ', 'அடி', 'சரி' என்று பத்துச் சொற்கள் நார்வேக்காரருக்கும் பாடம் ஆயின. 'அடி' என்று சொன்னால் அங்கே பனிக்கு நடுவில் ஒரு மனிதர் நெருப்பை வீசுவார். தமிழ் வளர்த்த குடும்பம் எங்களுடையது.

ஆனால் வீட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், ஒரே கணக்கு. அத்தை வீட்டில் உட்கார, நான் வெளியே போக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தி. நகரில் எனக்கு ஹிந்தி கிளாஸ். ஹிந்தி மாமியிடம் எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தேன். மூன்று மாதம் நீடித்த காமாலை அது. 12பி பஸ்ஸில் ஏறி, பாத்திரக்கடை மாடியில் இருந்த ப்ரௌசிங் சென்டருக்குப் போய்விடுவேன். பாத்திரக்கடைப் புளிவாசனையும், ஏசியின் ஈர வாசனையும், வழவழத்துப் போன மவுஸ்களும் இன்னமும் கையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மற்ற தடுப்புகளில் இருந்த அண்ணன்மார்கள் யாராவது எட்டிப் பார்த்தால் திரையை மறைப்பார்கள். நான் ஒருவன்தான் மறைக்காமல் கறுப்புத் திரையில் வெறும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனாலேயே கடைக்காரருக்கு என்மேல் மட்டும் சந்தேகம்.

"இன்னா நைனா, எல்லாரும் படம் பாக்குறான், நீ இன்னாத்த படிச்சிக்கினே கீற? போலீஸ் கீலீஸ் வராதுல்ல?"

"இல்லண்ணே, விளையாட்டு."

"இதுல இன்னா வெளாட்டு கீது? பந்தக் காட்டு பாப்போம்."

முதல் சண்டையிலேயே எதிரிக் கோடாலிக்காரன் என்னை விட்டுவிட்டு வேப்பிலை மீது பாய்ந்தான். வைத்தியர் விழுந்தால் மூவரும் விழுவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம். அப்போதுதான் அந்தக் கட்டளையைக் கற்றுக்கொண்டேன். முன்னால் நிற்பவனுக்கு மட்டுமே உரியது. 'ரெஸ்க்யூ' என்று அடித்து, ஆளின் பெயரை அடிக்க வேண்டும். உடனே நான் குறுக்கே பாய்வேன், அவள்மேல் விழவிருந்த அடியெல்லாம் என்மேல் விழும். ரெஸ்க்யூ வேப்பிலை. ஆங்கிலத்தில் மொத்தம் பதினான்கு எழுத்து. இரண்டு விரலால் அதை அடித்தேன். கோடாலி என் பக்கம் திரும்பியது.

'நான் இருக்கேன், பயப்படாதே' என்று அடித்தாள் அத்தை. என் காயங்கள் மளமளவென்று மூடின.

அன்று வீடு திரும்பியபோது, அடுக்களையில் அத்தை அம்மாவுக்குத் தெரியாமல் என் காதைப் பிடித்து இழுத்து, "நன்னா நின்னேடா" என்றாள். நான் நின்றதற்காக என்னை யாரும் பாராட்டியது அதுவே முதல் தடவை. கடைசியும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே இல்லை. சண்டையில் நடந்ததும் பேசியதும் எல்லாம் திரையில் ஓடும் அல்லவா? அதை அப்படியே பதிவு செய்து, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் பிரிண்டரில் கரகரவென்று அச்சடித்து, பென்சிலால் குறிப்பு எழுதுவாள். 'இங்கே ரெண்டு செகண்ட் லேட்.' 'இவன் அவசரக்குடுக்கை, ரொம்ப முன்னால போறான்.' அந்த அவசரக்குடுக்கை நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் வடாம் காவல் காக்கிற சாக்கில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் ஆராய்வோம். காக்கைகள் வடாத்தைத் தின்று கொழுத்தன.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நான் இருபத்தொன்று வாங்கினேன். அப்பா மர ஸ்கேல் ஒன்றை என் முதுகில் இரண்டு ஸ்கேலாக்கினார். "இனிமே கம்ப்யூட்டர் பக்கம் உன் நிழலைப் பார்த்தேன்னா, பெரியப்பாவாத்துல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்றார். தாம்பரம் பக்கத்தில் இருந்த பெரியப்பா வீட்டில் விடிகாலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டிவிடுவார்கள். அன்று அழுதுகொண்டே அத்தையிடம் போனேன்.

"சொல்லிடாதே அத்தை. ப்ளீஸ்."

"என்ன ஆனாலும் உன்னை மாட்டி விட மாட்டேன். சத்தியம். மூக்கைத் தொடை, அசிங்கமா இருக்கு."

அத்தைக்கு அப்போது ஒரு வாசல் திறந்திருந்தது. அடையாறில் ஒரு கம்பெனி, அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. தேர்வில் அவள் அடித்த வேகத்தைப் பார்த்து, இயந்திரம் பழுதோ என்று மறுபடி அடிக்கச் சொன்னார்களாம். ஏப்ரல் ஒன்றாம் தேதி வேலையில் சேர வேண்டும், வீட்டு வாசலுக்கே வேன் வரும். அப்பா பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில், "சரி, ஒரு வருஷம் போய்ட்டு வா. நாக்பூரை அப்புறம் பார்க்கலாம்" என்றார். பெரியப்பாவுக்கு அதில் சம்மதமே இல்லை. வேலைக்கு வேகம் வேண்டும், பயிற்சி செய்கிறேன் என்று சொல்லித்தான் அத்தை பின்கட்டு அறையில் அத்தனை நேரம் உட்கார முடிந்தது. அது முழுப் பொய்யும் இல்லை.

பங்குனியில், அந்த ஊரில் நடந்த மூவர் போட்டியில் எங்கள் அணி கடைசிச் சண்டைவரை வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமையில்தான் அறுபத்துமூவர் திருவிழாவும் வந்து விழுந்தது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று ஊரில் உள்ள சொந்தமெல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிடும். சாமி பார்ப்பது பாதி, கால் வலிக்கு உட்கார இடம் பிடிப்பது மீதி. அம்மா காலையிலிருந்து புளியோதரையும் நீர்மோருமாக வியர்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா குடும்பத்தோடு வந்து கூடத்தில் பெரிய நாற்காலியைப் பிடித்துவிட்டார். கூட்டத்தில் ஹிந்தி கிளாஸ் எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, "தி. நகர்ல திருவிழா இல்லையேம்மா" என்று சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் வாழ்நாள் சாமர்த்தியம் முழுவதும் அன்றோடு செலவாகிவிட்டது.

நாலரைக்கு வட்டத்தின் கதவு சாத்திக்கொண்டது. வழக்கம்போல் உள்ளே போகும் முன் நான் கேட்டேன், "வீட்டுல யாரும் இல்லையே?" பின்கட்டு அறைக்கு யாரும் வரவில்லையே என்று அர்த்தம். "கூடத்துல முப்பது பேர். இங்க யாரும் இல்ல. கிட்ட வா, என்னை விட்டுப் போகாதே" என்று பதில் வந்தது. நான் வழக்கமாக முன்னால் ஓடிவிடுவேன் என்பதால் வாராவாரம் அந்த எச்சரிக்கை. நார்வேக்காரர், "இங்கே பனி" என்றார்.

நன்றாகத்தான் ஆடினோம். எதிரிகளில் ஒருவன் விழுந்தான். இன்னொருவனுக்கு மூச்சு வாங்கியது. இன்னும் இரண்டு நிமிடம்.

திடீரென்று என் காயங்கள் மூடவில்லை.

இணைப்பு மெதுவாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு வரி வந்தது. வேப்பிலை அசைவற்று நிற்கிறாள். அந்த விளையாட்டில் இணைப்பு அறுந்தால் ஆள் மறைந்துபோக மாட்டார். உடம்பு அங்கேயே நிற்கும். அடிக்கலாம், வெட்டலாம், திருப்பி ஒன்றும் செய்யாது. எதிரிகள் இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ரெஸ்க்யூ வேப்பிலை. ரெஸ்க்யூ வேப்பிலை. நான்கு முறை அடித்தேன், நான்கு முறையும் ஓர் எழுத்துப் பிழை இல்லை. என் உயிர் தீரும்வரை அவள்மேல் ஒரு கீறல் விழவிடவில்லை. அதன்பின் நார்வேக்காரர் விழுந்தார். அதன்பின் நின்றுகொண்டிருந்த வேப்பிலையை மூன்று வரிகளில் முடித்தார்கள்.

"இன்னா நைனா, மூஞ்சி இப்டி கீது? எழுத்தப் படிச்சிட்டு அழுவுற மொத ஆளு நீதான்" என்றார் கடைக்காரர்.

பஸ் மயிலாப்பூருக்குள் போகாமல் லஸ்ஸிலேயே இறக்கிவிட்டுவிட்டது. பீப்பீ ஊதுகிற பிள்ளைகளுக்கும், தொன்னையில் சுண்டல் தருகிற கைகளுக்கும் நடுவில் முண்டியடித்துக்கொண்டு வந்தேன். பல்லக்குகள் போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு நாயன்மாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அத்தைமேல் கோபம். இரண்டு நிமிடம் இருந்தபோது கோட்டைவிட்டாளே. வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டு போனேன். அதில் ஒன்றை இப்போதும் மறக்கவில்லை. 'உன்னை நம்பி வந்தேன் பாரு.'

வாசலில் முப்பது ஜோடிச் செருப்புகள். உள்ளே சத்தமில்லை. முப்பது சொந்தக்காரர்கள் இருக்கிற வீட்டில் சத்தமில்லை என்றால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் அதைவிட சுவாரசியமான ஏதோ.

நடந்தது இதுதான். புளியோதரை சாப்பிட இலை போதவில்லை. பெரியம்மா பின்கட்டு அலமாரியில் கிடந்த காகிதக் கட்டை எடுத்துவந்து கிழித்துக் கிழித்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறாள். பெரியப்பா எதையும் படிக்காமல் சாப்பிட மாட்டார். சாப்பிட்டுக்கொண்டே படித்திருக்கிறார். அப்பா போய்ப் பின்கட்டு அறைக் கதவைத் திறந்து, சுவரிலிருந்து தொலைபேசி வயரைப் பிடுங்கியிருக்கிறார்.

நான் நுழைந்தபோது பெரியப்பா எண்ணெய் படிந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "கே, ஐ... கிட்ட வா. என்னை... விட்டு... போகாதே. நான் இருக்கேன், பயப்படாதே. அப்புறம்... அடி. அடியா? இது எதுக்கு அடி?"

"நடுவுல இன்னொருத்தன் பேரும் இருக்கே" என்றாள் பெரியம்மா.

"ரெண்டு பேரா!" என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை தூணோரம் நின்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "கருங்கல்னு எழுதறானே, யாரு இவன்?"

"விளையாட்டு, அண்ணா. சண்டை விளையாட்டு. அவன் முன்னால நிப்பான். நான் பின்னால நிப்பேன்."

"எங்கடி நிப்பே?"

அத்தை பின்கட்டு அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வெளிநாட்டுக்காரன்னாகூட ஏதோ பேச்சுத்துணைன்னு விடலாம். தமிழ்ல எழுதறான். உள்ளூர்க்காரன். ஆத்து நடப்பெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான்." அப்பாவின் கையில் இன்னொரு துண்டு. "'வீட்டுல யாரும் இல்லையே'ன்னு கேக்கறான். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டிருக்கான். சொல்லு, யாரு?"

என் வரியை என் அப்பா வாயால் அப்போதுதான் முதல்முறை கேட்டேன். கையில் ஹிந்திப் புத்தகத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு முறை பார்த்தாள். உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். யாராவது அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்துவிடக் கூடாது என்பதுபோல.

"சொல்ல மாட்டேன், அண்ணா" என்றாள்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ எங்கேருந்துடா வரே?"

பதினான்கு எழுத்துகூட வேண்டாம். 'அது நான்தாம்பா.' இரண்டே சொல். சொன்னால் அத்தனை அடியும் என் பக்கம் திரும்பும். முதுகு வீங்கும், தாம்பரம், பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான்.

"ஹிந்தி கிளாஸ்பா" என்றேன்.

"உள்ள போ. குழந்தைகள் நிக்கற எடம் இல்ல இது."

நான் குழந்தையாகி உள்ளே போனேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து தட்டில் புளியோதரை வைத்தாள். பசித்தது. சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நன்றாக இருந்தது.

சொல்லிவிடத்தான் நினைத்தேன். பெரியப்பா ஊருக்குப் போகட்டும் என்று இருந்தேன். அவர் போகவில்லை, நாக்பூருக்கு எஸ்.டி.டி. போன் போட்டுவிட்டுத்தான் போனார். பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். ரிசல்ட் வரட்டும் என்று இருந்தேன். அமெரிக்காவில் இருந்த பெரியப்பா பிள்ளை விஷயம் கேள்விப்பட்டு, "அது கேம்ப்பா" என்று போனில் சொன்னானாம். "அவனும் கூட்டு" என்றார் பெரியப்பா. அந்த வீட்டில் இருந்த பெரியவர்களில் ஒருவருக்காவது, அந்தக் காகிதங்களில் இருந்த பென்சில் குறிப்பு கண்ணில் படவில்லை. காதல் கடிதத்தில் எந்தப் பெண்ணாவது 'இவன் அவசரக்குடுக்கை' என்று ஓரத்தில் எழுதித் திருத்துவாளா? இன்றைக்கு யோசித்தால் சிரிப்பு வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாளே அந்தக் கட்டு முழுவதும் குளியலறை பாய்லருக்குள் போயிற்று. வெந்நீர் நல்ல சூடாக இருந்தது. அதில்தான் குளித்தேன்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை அடையாறு வேன் வாசலில் வந்து நின்றது. இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அத்தை பின்கட்டில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹாரன் கேட்டபோது அவள் விரல் நின்றது. மூன்றாவது தடவை அடிப்பான் என்று நானும் காத்திருந்தேன். அடிக்கவில்லை, வேன் போய்விட்டது. அவள் மறுபடி கொத்தமல்லியை எடுத்தாள்.

வைகாசியில் நாக்பூர்க்காரரோடு கல்யாணம். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் நான் தி. நகருக்குப் போனேன். விளையாட்டில் நார்வேக்காரர் எனக்கு எழுதி வைத்திருந்தார். 'வேப்பிலை எங்கே? அவள் இடத்தில் வேறு யாரையும் எடுக்கவில்லை. காத்திருக்கிறேன்.' அந்த இரண்டு மாதத்தில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட ஒரே மனிதர் அவர்தான். வேப்பிலைக்குக் கல்யாணம் என்று அடித்தேன். 'வாழ்த்துகள்!' என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். அதன்பின் நான் அந்த ஊருக்குள் போகவே இல்லை.

கல்யாண மண்டபத்தில், அலங்காரமெல்லாம் முடிந்து அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது மெதுவாகப் போய் நின்றேன்.

"என்னடா, உன் காமாலை எப்படி இருக்கு?" என்றாள்.

"அத்தை, நான் இப்பப் போய் அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

"இப்பவா? ஊஞ்சலுக்குக் கூப்பிட்டாச்சுடா."

"அன்னிக்கே நீ சொல்லியிருக்கலாமே. 'இவன்தான்'னு கையைக் காட்டியிருக்கலாமே."

கைமருதாணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் கையைக் காட்டினா அது காட்டிக் கொடுக்கறது. நீயே முன்னால வந்தா அது வேற. ரெண்டும் ஒண்ணாடா?" என்றாள். கோபமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியில் பென்சிலோடு எப்படிச் சொல்வாளோ அப்படித்தான் சொன்னாள். 'இங்கே ரெண்டு செகண்ட் லேட்.'

நாக்பூரிலிருந்து எனக்கென்று ஓர் இன்லண்ட் லெட்டர் வந்தது. 'இங்கே வெயில். இங்கே கம்ப்யூட்டர் கிடையாது. சும்மா இருக்கும்போது விரல் மட்டும் தானாகவே மேஜைமேல் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் அடிக்கிறது. அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. கணக்கை ஒழுங்காகப் போடு.' பதில் எழுத உட்கார்ந்தேன். 'இங்கே எல்லோரும் சௌக்கியம்' என்பதற்கு மேல் போகவில்லை. அதையும் தபாலில் போடவில்லை.

நான்காம் வருடம் போன் வந்தது. காய்ச்சல் என்றார்கள். மூன்று நாள் காய்ச்சல். அப்பாவும் பெரியப்பாவும் ரயிலேறிப் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தார்கள். என்ன காய்ச்சல் என்று யாரும் கேட்கவில்லையாம். அத்தையின் தகரப் பெட்டி மட்டும் திரும்பி வந்தது. ஆறு புடவை, ஒரு விளக்கு, லாமினேட் செய்த டைப்ரைட்டிங் சான்றிதழ். அன்று கொல்லைப்புறம் போய் அழுதேன். அழுது முடித்ததும் சொல்லிவிடுவது என்று கூடத்துக்கு வந்தேன். அப்பா அந்தச் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும், அந்த விஷயத்தில் நான் அதிர்ஷ்டசாலி.

இப்போது அப்பா எங்களோடு வேளச்சேரி ஃப்ளாட்டில் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. அதனால் இதைப் படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் இவ்வளவும் எழுதுகிறேன். பார்த்தீர்களா, இதிலும் நான் முன்னால் வந்து நிற்கவில்லை.

போன வாரம் மகன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன் என்றேன் அல்லவா? ஃப்ரிட்ஜை மூடிவிட்டு, பால்கனியில் அப்பாவுக்குக் கால்நகம் வெட்டிவிட உட்கார்ந்தேன். அவர் பாதம் என் மடியில் இருந்தது. உள்ளேயிருந்து பேரனின் சத்தம் கேட்டது. "கிட்ட வாடா, கிட்ட வா, என்னை விட்டுப் போகாத!"

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அவளை நான்தான் அனுப்பினேன்" என்றார். "ஆனா அந்தக் கடங்காரன் ஒரு தடவை வாசல்ல வந்து நின்னிருந்தா, 'நான்தான்'னு சொல்லியிருந்தா, எவனா இருந்தாலும் சரின்னு விட்டிருப்பேன்டா. கடைசிவரைக்கும் வரலையே. வாசலையே பார்த்துண்டிருந்தேன், தெரியுமோ, முகூர்த்தம் வரைக்கும்."

நகவெட்டி என் கையில் அப்படியே நின்றது.

"அந்தக் கருங்கல் இப்ப எங்கடா இருப்பான்?"

பெருவிரலைப் பிடித்து, சதையில் படாமல், மெதுவாக வெட்டினேன்.

"இங்கதாம்பா, எங்கேயாவது இருப்பான்" என்றேன்.